இன்னிக்கு ஏறலாமா?

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. இது என் தங்கையின் கதை. அவளுக்குக் கோபமே வராது. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் படுகிறேன்.

தங்கைக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை. நான்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அங்கேதான் வருகின்றன. கொதிக்கும் உருளைக்குள் ஈர விரிப்பு ஒரு பக்கம் போய் மறுபக்கம் தகடாக வரும். அந்த மறுபக்கத்தில் நின்று, எதிரில் நிற்பவளோடு நான்கு முனையையும் பிடித்து மடிக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு நின்றால் மாலை நாலு மணிவரை நின்றபடிதான். வீட்டுக்கு வரும்போது அவள் கால் இரண்டும் வீங்கியிருக்கும், விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் கண்ணில் படுவார், அதில் மூன்று நாள் தூங்குவார். இரண்டு பெண் பிள்ளைகள். நானும் அதே வீட்டில்தான், முன்னறையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு ஊரார் பேன்ட்டைச் சுருக்கியும் பிரித்தும் கொடுக்கிறேன். எனக்கும் ஒரு புருஷன் இருந்தார். இப்போதும் எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறார், அது போதும்.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சலவைக்கூடத்தில் மேலே தண்டவாளத்தில் தொங்கிப் போகும் துணிப்பை ஒன்று கொக்கி விட்டு அவள் மேல் விழுந்தது. மெஷினில் இருந்து அப்போதுதான் எடுத்த ஈர விரிப்புகள், ஒரு ஆள் எடைக்கு மேல். அவள் கத்தினாள். அந்த இடத்தில் மெஷின் போடுகிற சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஏழெட்டு நிமிஷம் அதன் அடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தால் எலும்பு ஒன்றும் முறியவில்லை. டாக்டர், "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, லக்கி நீங்க" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி அந்த அறையில் சும்மா நின்றேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

ஏனென்றால் ஒன்றும் இல்லாமல் இல்லை. அன்றிலிருந்து அவளால் போர்வை போர்த்திக்கொள்ள முடியவில்லை. லிஃப்டில் நாலு பேர் ஏறினால் இறங்கிவிடுவாள். அதெல்லாம்கூடப் போகட்டும். சின்னவளுக்கு அப்போது இரண்டரை வயது. பிறந்ததில் இருந்து அம்மா நெஞ்சின் மேல் குப்புறப் படுத்துத்தான் தூங்குவாள். ஒரு மத்தியானம் அம்மா கண்ணயர்ந்திருந்தபோது போய் ஏறிவிட்டாள். தூக்கத்தில் தங்கை அவளைத் தள்ளினாள். கையால் அல்ல, உடம்பு மொத்தத்தாலும் உதறி எறிந்தாள். குழந்தை போய்க் கட்டில் காலில் விழுந்தது. உதடு கிழிந்து இரண்டு தையல்.

நான் கத்திரிக்கோலும் கையுமாக ஓடிப்போனபோது குழந்தையைவிட அவள் அம்மாதான் அதிகமாக அழுதுகொண்டிருந்தாள். அன்று முதல் சின்னவள் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். ஆனால் தினமும் அம்மா வந்து உட்கார்ந்ததும் எதிரில் போய் நின்று கேட்பாள்.

"இன்னிக்கு ஏறலாமா?"

"இன்னிக்கு வேணாம் செல்லம்."

அவ்வளவுதான். குழந்தை அழாது, அடம் பிடிக்காது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும். அடம் பிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. 

இப்படி இருக்கும்போது ஒரு நாள் வேலைவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அக்கா, நான் ஜியூ-ஜிட்சு கத்துக்கப் போறேன்" என்றாள். தும்மல் மாதிரி ஒரு பேர். என்ன அது என்று கேட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் டயர் கடை, அதன் மாடியில் ஒரு ஹால். பஸ்ஸுக்கு நிற்கும்போது சத்தம் கேட்டு, மாடியேறி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். தடித்த பாய் விரித்து அதில் ஆளை ஆள் கீழே போட்டு அமுக்குகிறார்களாம்.

"உனக்கென்ன பைத்தியமாடி? மேல ஏதாவது விழுந்தா மூச்சு நிக்குதுங்கிற. அதுக்குன்னே ஒரு இடம் தேடிப் போறேங்கிற?"

"அதுக்குத்தான்க்கா. கீழ கெடந்த பொண்ணு ஒருத்தி மெதுவா நெளிஞ்சு வெளிய வந்துட்டா. வந்து சிரிச்சாக்கா."

அவள் முகத்தைப் பார்த்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிய சம்பவங்கள் வாழ்க்கையில் குறைவு, அதனால் இது நன்றாக நினைவிருக்கிறது.

நேரம் எங்கே இருக்கிறது? சனிக்கிழமை மட்டும் அவளுக்கு ஷிஃப்ட் பத்து மணிக்கு. அதனால் ஏழிலிருந்து எட்டுவரை ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டால்தான் அதுவும். அங்கே சொல்லிக்கொடுக்கிறவர் எங்களைவிடப் பத்து வயது சின்னவர், பகலில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறார். எல்லோரும் அவரைக் கோச் என்கிறார்கள். "வாரத்துக்கு மூணு நாளாவது வந்தாதான்க்கா கொஞ்சமாவது முன்னேற முடியும்" என்றாராம். "ஒரு மணி நேரம்தான் கோச் இருக்கு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். மனுஷன் தலையைச் சொறிந்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

அந்த விளையாட்டில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தாங்க முடியவில்லையென்றால் எதிராளியை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், உடனே விட்டுவிடுவார்கள். அதற்குப் பேரே தட்டுவதுதான். முதல் நாள் என் தங்கை பத்து விநாடியில் தட்டினாள். பிறகு எட்டு விநாடியில். மூன்று மாதம் போனது, தட்டிக்கொண்டே இருந்தாள். பல் டாக்டர் ஒருவர் அங்கே வருகிறார், எமகாதகர். "டைப்ரைட்டிங் க்ளாஸ் பக்கத்துத் தெருவுலங்க" என்றாராம் இவளைப் பார்த்து. இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். நானாக இருந்தால் அவர் பல்லையே அவருக்குக் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

ஆறு மாதத்தில் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. மற்றவர்கள் தினம் தினம் வந்து புதுப்புதுப் பிடியாகக் கற்கிறார்கள். இவள் சனிக்கிழமை கற்றது அடுத்த சனிக்கிழமைக்குள் விரிப்போடு விரிப்பாக மடிந்து போய்விடுகிறது. அதனால் கோச்சிடம் போய், "எனக்கு எல்லாம் வேணாம் கோச். அடியில இருந்து வெளிய வர்றது ஒண்ணு மட்டும் போதும். எப்பவும் என்னைக் கீழயே போட்டு ஆரம்பிங்க" என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு சனியும் அதே வேலை. மல்லாந்து படுப்பாள், மேலே ஒருவர் படுப்பார், இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, இடம் உண்டாக்கி, ஒருக்களித்துத் திரும்பி வெளியே வரப் பார்ப்பாள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை முடியாது. தட்டுவாள். மறுபடி படுப்பாள்.

வீட்டுக்கும் அந்த வேலை வந்தது. சலவைக்கூடத்தில் கிழிந்து கழித்த விரிப்புகளை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிவந்து, ஒரு பெரிய துணிப்பையில் அடைத்து வாயைத் தைத்துத் தரச் சொன்னாள். தைத்துக் கொடுத்தேன். எட்டு கிலோ. விடிகாலை வேலைக்குக் கிளம்புமுன் தரையில் படுத்து, அதை நெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பால் பொங்கும்வரை கிடப்பாள். மாதத்துக்கு ஒரு விரிப்பு கூடும். நான் தையலைப் பிரித்து, ஒன்றை உள்ளே திணித்து, மறுபடி தைக்க வேண்டும். பெரியவள் அந்தப் பைக்குக் குண்டு மாமா என்று பேர் வைத்தாள். "பெரியம்மா, குண்டு மாமா இந்த மாசம் சாப்ட்டாச்சா?" என்று கேட்பாள். வேலையிடத்திலும் சாப்பாட்டு நேரத்தில் துணிக்கிடங்கின் தரையில் இடுப்பால் நகர்ந்து பழகியிருக்கிறாள். அங்கே அவளுக்குப் பாம்பு என்று பேராகிவிட்டது.

அக்கம்பக்கத்தில் சும்மா இருப்பார்களா? மாடிவீட்டுக்காரி ஒரு நாள் பாவாடைக்கு நாடா வைக்க வந்தவள், "உங்க தங்கச்சி ஆம்பளைங்களோட கட்டிப் பொரள்றாங்களாமே?" என்றாள். "ஆமா. ஆளு பத்தலைன்னாங்க, உங்களையும் அனுப்பவா?" என்றேன். அந்தப் பாவாடை இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது, வாங்க வரவில்லை.

வெளியே இப்படி விட்டுக்கொடுக்காமல் பேசினாலும் உள்ளே எனக்கு அலுத்துத்தான் போனது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரும், சரி. அடிக்கிறவள் கை என்ன ஆகும் என்று யாராவது கேட்டார்களா? இவளோடு ஒரே நாளில் சேர்ந்த கல்லூரிப் பெண் ஒன்றரை வருஷத்தில் வெள்ளை பெல்ட்டை அவிழ்த்து அடுத்த படியான நீல பெல்ட் கட்டிக்கொண்டாள். இவள் வெள்ளையே. அது வெள்ளையாகக்கூட இல்லை, பழுப்பு. சலவைக்காரி பெல்ட் மட்டும் வெளுக்கவே மாட்டேன் என்றது. பெரியவளுக்குத் தலை வாரும்போது சீப்பு கூந்தலில் இருக்க, உட்கார்ந்தபடி தூங்கிப்போவாள். குழந்தை அசையாமல் இருக்கும், அம்மா விழித்துவிடக் கூடாதே என்று.

ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய உடுப்புப் பையை எடுத்துத் தையல் மெஷினுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

"இன்னிக்கு ஒரு நாளாவது தூங்குடி. கண்ணைப் பாரு, குழி விழுந்து கெடக்கு. நான் இல்லைன்னா நீ போகவும் முடியாது. நான் பாத்துக்க மாட்டேன் புள்ளைங்கள."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரிக்கா" என்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்மா சனிக்கிழமை காலையில் வீட்டில் இருப்பதைப் பார்த்த சின்னவளுக்குச் சந்தோஷம். ஓடிவந்து எதிரில் நின்றது.

"இன்னிக்கு ஏறலாமா?"

தங்கை குழந்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.  பிறகுதான், "இன்னிக்கு வேணாம் செல்லம்" என்றாள்.

நான் மெஷினுக்கு அடியில் இருந்து பையை இழுத்து அவள் மடியில் வீசினேன். "போய்த் தொலை. பஸ் போயிடப் போகுது." அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை ஒரு பேன்ட் தைத்து முடித்துத்தான் அடக்கினேன். அந்தப் பேன்ட்டில் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை.

பெல்ட் மாற்ற அந்த ஹாலில் பரீட்சை கிடையாது. அஞ்சு நிமிஷம் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பெல்ட் வாங்க வேண்டியவர் கீழே படுக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒருவராக ஐந்து பேர் மாறி மாறி மேலே வருவார்கள். ஜெயிக்க வேண்டாம். வெளியே வர முயன்றுகொண்டே இருக்க வேண்டும், தட்டக் கூடாது. தட்டினால் மறு வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான். இரண்டரை வருஷம் ஆனபிறகு தங்கைக்கு அது கிடைத்தது. மூன்றாவதாக வந்தவர் கேரேஜ்காரர், நூறு கிலோவுக்குக் குறையாத ஆள். அவர் வழி எப்போதும் ஒன்றுதான். சிவனே என்று மேலே படுத்துவிடுவார், மற்றதைப் பாரம் பார்த்துக்கொள்ளும். இவளுக்கு ஈரத்துணி வாசனை வந்துவிட்டதாம். நாற்பது விநாடியில் தட்டினாள். அன்று வீட்டுக்கு வந்து குண்டு மாமாவுக்கு இரண்டு விரிப்பு சேர்த்துத் தைக்கச் சொன்னாள்.

அடுத்த ஆறு மாதம் முடிந்து மறுபடி நாள் வந்தது. வந்த வாரம் பாருங்கள், சனியன் பிடித்த வாரம். சலவைக்கூடத்தில் உருளை மெஷின் இரண்டில் ஒன்று படுத்துக்கொண்டது. மிச்ச ஒரு மெஷினில் ஆறு நாள், தினம் பதினாலு மணி நேரம் நின்றாள். வெள்ளிக்கிழமை வீடு வந்தவள் ஒரு செருப்போடு வந்தாள். மறு செருப்பு பஸ்ஸில்.  திட்ட எனக்கும் தெம்பில்லை.

சனிக்கிழமை காலை சின்னவள் தானும் வருவேன் என்று நின்றாள். சரி, எல்லோருமே போவோம் என்று நானும் கிளம்பினேன். மூன்று வருஷத்தில் அன்றுதான் அந்த மாடியை முதலில் பார்க்கிறேன். ரப்பர் வாசனை, வியர்வை வாசனை, சுவரெல்லாம் பழைய பெல்ட். எங்களை ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள்.

முதலில் கல்லூரிப் பெண். தங்கை இடுப்பை நகர்த்தி நகர்த்திப் பாதி நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். எனக்குக் கை தட்டத் தோன்றியது, அங்கே தட்டினால் என்ன அர்த்தமோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன். இரண்டாவது பல் டாக்டர். அவரிடம் இருந்தும் பாதி வெளியே வந்தாள். மூன்றாவது கேரேஜ்காரர். வந்தார், பணிவாக ஒரு வணக்கம் போட்டார், படுத்தார். தங்கையின் உடம்பில் வெளியே தெரிந்தது தலையும் இரண்டு பாதமும்தான். சின்னவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

தங்கை ஒரு தடவை இடுப்பை அசைத்தாள். இன்னொரு தடவை. பிறகு முகத்தை எங்கள் பக்கம் திருப்பி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அப்புறம் அசைவே இல்லை. சுவரில் கடிகாரம் மட்டும் ஓடியது. திடீரென்று கேரேஜ்காரர் நெருப்பை மிதித்தவர்போல் துள்ளி எழுந்தார்.

"கோச்! கை தொவண்டு போச்சு! மயக்கம் போட்டுட்டாங்க!"

எல்லோரும் ஓடினார்கள். இரண்டு பேர் அவள் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரோ தண்ணீர் தண்ணீர் என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது, "ஐயோ, என் தங்கச்சியக் கொன்னுட்டீங்களேடா!" என்று கத்திக்கொண்டு பாயின் மேல் செருப்புக் காலோடு ஓடினேன். அந்தக் கூச்சலுக்கு நடுவில் சின்னவள் போய் அம்மா முகத்துக்கு அருகில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து எங்களை அதட்டினாள்.

"கத்தாதீங்க. அம்மா தூங்குறாங்க."

எல்லோரும் நின்றுவிட்டோம். காலைத் தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். அந்த அமைதியில் என் தங்கை சன்னமாக ஒரு குறட்டை விட்டாள்.

அவளை எழுப்ப வேண்டியிருந்தது. கண் திறந்து சுற்றிலும் தலைகளைப் பார்த்து, "பஸ் வந்திடுச்சா?" என்றாள். பல் டாக்டர் பாயிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேரேஜ்காரர் மட்டும் வருத்தமாக, "நான் கழுத்துல கையே வைக்கல சார், சும்மாதான் படுத்திருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மயங்கிப் போனவங்க நெறைய பாத்திருக்கேன். தூங்கினவங்கள இப்பதான் பாக்குறேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அஞ்சு நிமிஷம் ஆகலைக்கா. முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கணும்கிறது கணக்கு. ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "என்ன தம்பி பேசுறீங்க? அவ தட்டுனாளா? சொல்லுங்க, தட்டுனாளா?"

"தட்டல."

"பின்ன? அந்த ஆளுக்குக் கீழ நீங்க ஒரு நிமிஷம் தூங்கிக் காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்!"

"அக்கா, தூங்கிட்டிருக்கிறவங்களுக்கு எப்படி பெல்ட் கட்டுறது?"

"விடுக்கா. கோச் சொல்றது சரிதான்" என்று தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

படிக்கட்டில் இறங்கும்போதும் நான் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். கோச்சைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன். அவளையும் விடவில்லை: மூணு வருஷமா காத்திருந்து இன்னிக்கா தூக்கம் வரணும் என்று. பாதிப் படியில் அவள் நின்றாள்.

"அக்கா. அவர் மேல படுத்தப்ப அவ்ளோ பாரமும் தெரிஞ்சுது. ஆனா பயம் வரல. வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்லக்கா. அப்படியே கண்ணு சொருகிடுச்சு."

அப்போது எனக்கு அது சரியாக உறைக்கவில்லை. கோபம் காதை அடைத்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது எட்டரை. பத்துக்கு அவளுக்கு ஷிஃப்ட், ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும். கையிலிருந்த பையை வீசிவிட்டு முன்னறைத் தரையில் உட்கார்ந்தாள், அப்படியே மல்லாந்தாள், தூங்கிப்போனாள். தலைக்கு ஒரு தலையணைகூட இல்லை. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பியபோது சின்னவள் அவள் அருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஏறலாமா?"

 அம்மா நல்ல தூக்கத்தில் இருந்தாள். குழந்தை என்னைப் பார்த்தாள். மேலுதட்டில் அந்தத் தையல் தழும்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தூக்கத்தில்தானே அன்றைக்கு உதறினாள். இன்னொரு தடவை அப்படி நடந்தால் இவர்கள் இரண்டு பேருமே தாங்க மாட்டார்கள். அப்போதுதான் படிக்கட்டில் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. என் கட்டில் பக்கம் கிடந்த குண்டு மாமாவை இழுத்துக் கட்டில் காலுக்கு முன்னால் அண்டக் கொடுத்தேன். நானும் தரையில் மண்டியிட்டு, தாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டிக்கொண்டேன்.

"மெதுவா ஏறு" என்றேன்.

ஏறினாள். இப்போது ஆறு வயது, காலெல்லாம் நீளம். முதலில் ஒரு கை, பிறகு நெஞ்சு, பிறகு மொத்தப் பாரமும். தங்கையின் உடம்பு ஒரு கணம் விறைத்தது.  அவள் இடுப்பு லேசாக ஒரு பக்கம் நகர்ந்தது, முகம் ஒரு பக்கம் திரும்பியது, அந்த நீண்ட மூச்சு வெளியே வந்தது. அவள் கை எழுந்து வந்து குழந்தையின் முதுகில் படிந்தது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிற வாசனை வந்தது. நான் எழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே தங்கை பேசினாள்.

"அக்கா, கால் மணி நேரம் கழிச்சு எழுப்பு."

"உன்னையா?"

"ரெண்டு பேரையும்."